பிள்ளைக்குத் தமிழில் ஓர் ஆள் வேண்டும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் முல்லைத்தீவின் முள்ளியவளையிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகருக்குக் கணவரிடம் போய்ச் சேர்ந்தீர்கள். மகனுக்கு இப்போது எட்டு வயது. ஐந்து வயதில் இங்கிருந்து புறப்படும்போது வாய் ஓயாமல் தமிழ் கதைத்த பிள்ளை, இன்று நீங்கள் தமிழில் கேட்பதற்கு ஜேர்மனில் பதில் சொல்கிறான். மகளுக்கு நான்கு வயது. இரண்டு மொழியையும் கலந்து கதைக்கிறாள். வீட்டிலும் ஜேர்மன் கதைத்தால்தான் மகன் படிப்பில் முன்னேறுவான் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். பேரன் தன்னோடு கதைப்பதில்லை என்று ஊரில் உங்கள் மாமியார் அழுகிறார். வீட்டு மொழியை மாற்றுவதா, மகனை எவ்வாறு தமிழுக்குத் திருப்புவது, எழுத்தை எப்போது தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வன்னிப் பாடசாலைகளில் தமிழ் கற்பித்து, கடைசிச் சில ஆண்டுகள் ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் பேரப்பிள்ளைகளும் புலம்பெயர் நாட்டில்தான் வளர்கிறார்கள். ஆகவே படித்ததையும் பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டு மொழியை மாற்ற வேண்டாம். இதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. உங்கள் மகன் ஜேர்மன் கற்பதற்கு உங்களுடைய உதவி தேவையில்லை. பள்ளிக்கூடம், விளையாட்டுத்திடல், அயல்வீட்டுப் பிள்ளை, தொலைக்காட்சி, பேருந்து என்று அந்த நாடு முழுவதும் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. தமிழுக்கு அங்கே நீங்களும் கணவரும் மட்டுமே இருக்கிறீர்கள். நீங்கள் மூன்று ஆண்டில் கற்ற ஜேர்மனில் பிள்ளையோடு கதைக்கத் தொடங்கினால், அவன் வகுப்பில் கேட்பதைவிடக் குறைந்த, பிழைகள் நிறைந்த ஜேர்மனையே வீட்டில் கேட்பான். நீங்கள் நிறைவாகக் கொடுக்கக்கூடிய ஒரே மொழியையும் இழப்பான். அதைவிடப் பெரிய இழப்பு, அவன் முன்னிலையில் நீங்கள் சொல் தேடித் தடுமாறும் ஒருவராக ஆகிவிடுவது. தன் தாயை அறிவும் நகைச்சுவையும் கண்டிப்பும் கதையும் உள்ள முழு மனிதராகப் பிள்ளை அறிவது, தாய் தடையின்றிக் கதைக்கும் மொழியில்தான்.

உங்களுக்கு அந்த அறிவுரையைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். இரண்டு மொழி பிள்ளையின் மூளைக்குச் சுமை என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலம் நிலவியது. வறிய குடியேறிகளின் பிள்ளைகளை வசதியுள்ள உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, வறுமையால் வந்த பின்னடைவை மொழியின் தலையில் கட்டிய ஆய்வுகள் பல அன்று இருந்தன. 1962இல் கனடாவின் மொன்றியலில் பீல், லம்பேர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே அளவு வசதியுள்ள குடும்பங்களின் பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்த பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிட நன்றாகவே செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பழைய எண்ணம் கல்வியாளர்களிடையே வலுவிழந்தாலும், பள்ளிக்கூட வாசல்களில் இன்னும் முழுதாக ஓயவில்லை.

மகன் ஜேர்மனைச் சரளமாகக் கதைக்கிறான், ஆனால் வாசிப்பிலும் கணக்கு வசனங்களிலும் பின்தங்குகிறான் என்று எழுதியிருந்தீர்கள். இதற்குக் காரணம் வீட்டுத் தமிழ் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். புதிய நாட்டுக்கு வந்த பிள்ளை விளையாட்டிலும் கடையிலும் கதைக்கும் மொழியை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பிடித்துக்கொள்ளும் என்றும், பாடநூல் மொழியில் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிகராக வருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தேவைப்படும் என்றும் அவர் காட்டினார். உங்கள் மகன் போய் மூன்று ஆண்டுகளே ஆகின்றன. அவன் பின்தங்கவில்லை, நடுவழியில் இருக்கிறான். போதாததற்கு, விளையாட்டுத்திடலில் அவன் கற்றது சுவிஸ் வட்டார ஜேர்மன். பாடநூலில் இருப்பது எழுத்து ஜேர்மன். பேச்சு ஒன்று, எழுத்து வேறொன்று என்ற இந்த நிலை தமிழர்களாகிய நமக்குப் புதிதல்ல. சாள்ஸ் ஃபேர்குசன் 1959இல் இரட்டை வழக்கு மொழிகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விரிவாக எடுத்துக்கொண்ட நான்கு எடுத்துக்காட்டுகளில் சுவிஸ் ஜேர்மனும் ஒன்று. வகுப்பாசிரியரைச் சந்தித்து, வாசிப்புக்கு மேலதிக உதவி உண்டா என்று கேளுங்கள். வீட்டில் ஒரு கருத்தைத் தமிழில் நன்றாக விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு ஜேர்மனில் அதற்குரிய சொல்லைக் கற்பதுதான் எஞ்சியிருக்கும். கருத்தை இரண்டாம் முறை கற்க வேண்டியதில்லை. அரைவாசி, கால்வாசி என்பதை இடியப்பத் தட்டில் வைத்துத் தமிழில் விளக்குங்கள். கணக்கு வகுப்புக்கு அது நேரே போய்ச் சேரும்.

இனி உங்கள் கவலையின் மையத்துக்கு வருகிறேன். வீட்டில் பெற்றோர் தமிழ் கதைப்பது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. பெல்ஜியத்தின் பிளெமிஷ் பகுதியில் வீட்டில் வேறொரு மொழியும் வழங்கும் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை ஆனிக் டி ஹூவர் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். பெற்றோர் இருவரும் வீட்டில் தம் மொழியையே கதைத்த குடும்பங்களில் மிகப் பெரும்பாலான பிள்ளைகள் அதைக் கதைத்தார்கள். இருவரும் ஊர் மொழியையும் கலந்துகொண்ட குடும்பங்களில் அந்த வாய்ப்பு குறைந்தது. மொத்தத்தில், பெற்றோர் மொழியைக் கேட்டு வளர்ந்த குடும்பங்களில் நாலில் ஒரு பங்கில் பிள்ளைகள் அதைக் கதைக்கவில்லை. கேட்டால் விளங்கும், ஆனால் வாயில் வராது. உங்கள் மகன் அந்த விளிம்பில்தான் நிற்கிறான்.

ஏன் இவ்வாறு ஆகிறது என்பதை விளங்கிக்கொள்ள ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. என் மாணவர்கள் சிங்களத்தை இரண்டாம் மொழிப் பாடமாக ஆண்டுக்கணக்கில் படித்தார்கள். பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுத்தார்கள். ஆனால் முல்லைத்தீவில் அவர்களுக்குச் சிங்களத்தில் கதைக்க ஓர் ஆள் இருக்கவில்லை, ஆகையால் கதைக்கவும் வரவில்லை. அவர்களில் ஒருவன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வவுனியாவில் கண்டி வீதிப் பக்கம் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரே ஆண்டில் வாடிக்கையாளர்களோடு சிங்களத்தில் விலை பேசினான். மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து வளர்ந்து, யுத்தம் முடிந்த பின் பெற்றோருடன் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் திரும்பிய பிள்ளைகள் வகுப்பில் 'பேசுறாங்க', 'ஆமா' என்றார்கள். யாரும் திருத்தவில்லை. அடுத்த தவணை முடிவதற்குள் 'கதைக்கினம்', 'ஓம்' என்று சொல்லத் தொடங்கினார்கள், ஏனென்றால் வலைப்பந்து விளையாடவும் இலந்தைப்பழம் பொறுக்கவும் கூட்டாளிகள் இருந்தார்கள். பிள்ளை ஒரு மொழியைக் கதைப்பது, அந்த மொழியில் தனக்கு வேண்டிய ஓர் ஆள் இருக்கும்போதுதான். உங்கள் மகனுக்குத் தமிழில் இப்போது யார் இருக்கிறார்? நீங்கள் இருக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு ஜேர்மன் விளங்கும் என்பது அவனுக்குத் தெரியும். கணவர் உணவகத்தில் இரவு வேலை முடித்து வரும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். ஆகவே, தமிழில் கதைத்தால்தான் ஆகும் என்ற நிலை அவனுக்கு எங்கேயும் இல்லை.

அந்த நிலையை உருவாக்குவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று உங்கள் வாய். பிள்ளை ஜேர்மனில் 'வாஸ்ஸர்' என்று கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பேசாமல் தண்ணீரை எடுத்துக் கொடுக்கலாம், நீங்களும் ஜேர்மனுக்கு மாறலாம், 'தண்ணியோ ராசா? இந்தா தண்ணி' என்று தமிழில் திருப்பிச் சொல்லிக் கொடுக்கலாம். 'தண்ணி வேணுமோ, பால் வேணுமோ?' என்று கேட்டு, அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் வரை ஒரு கணம் காத்திருக்கலாம். நோர்வேயில் இருமொழிக் குழந்தைகளை ஆராய்ந்த எலிசபெத் லான்சா, பெற்றோரின் இத்தகைய சிறு பதில்கள் ஒவ்வொன்றும் பிள்ளையிடம் வீட்டில் எந்த மொழி செல்லும் என்பதைத் தெரிவிக்கின்றன என்று விளக்கியிருக்கிறார். பேசாமல் எடுத்துக் கொடுப்பதும் ஜேர்மனுக்கு மாறுவதும் 'இங்கே எந்த மொழியும் செல்லும்' என்று அவனுக்குச் சொல்கின்றன. கடைசி இரண்டும் தமிழை இடத்தில் வைத்திருக்கின்றன. ஆனால் தண்ணீரை மறுத்துவிட்டு 'தமிழில் கேள், தருகிறேன்' என்று அடம்பிடிப்பது வேண்டாம். தாகத்தோடும் பசியோடும் தமிழைக் கட்டிவைத்தால் பிள்ளை தமிழையே வெறுக்கும். அவன் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு துயரத்தை ஜேர்மனில் சொல்லி அழுதால் முழுதையும் கேளுங்கள். தமிழில் ஆறுதல் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மொழியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

மற்ற இடம் இங்கே, உங்கள் மாமியாரின் திண்ணை. அவருக்கு ஜேர்மன் தெரியாது. உங்கள் பிள்ளைக்கு இறைவன் கொடுத்த மிகச் சிறந்த தமிழாசிரியர் அவர்தான், ஆனால் இப்போது தொலைபேசி அழைப்புகள் நடக்கும் விதத்தை மாற்ற வேண்டும். நீங்கள் மாலையில் வேலை முடித்து அழைக்கும்போது, குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் வித்தியாசம் இருப்பதால், இங்கே இரவாகிவிடுகிறது. மாமியார் தூக்கக் கலக்கத்தில் 'சாப்பிட்டியோ, படிக்கிறியோ, அப்பம்மாவை மறந்திட்டியோ' என்று மூன்று கேள்வி கேட்கிறார். மூன்றுக்கும் தலையாட்டலே போதும். சுவிஸ் ஆரம்பப் பள்ளிகளில் பெரும்பாலும் புதன் பிற்பகல் வகுப்பு இருப்பதில்லை. அந்த நேரம் இங்கே விளக்கு வைக்கும் பொழுது. மாடு பட்டிக்கு வந்திருக்கும், கோழி கூட்டில் ஏறும். அப்போது காணொளியில் அழையுங்கள். கைப்பேசியை மாமியாரின் முகத்துக்கு நேரே பிடிக்காமல் முற்றத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டுவதற்கும் கேட்பதற்கும் ஏதாவது இருந்தால் பிள்ளை தானாகவே கதைக்கும்.

இதை நான் ஒரு தவற்றின் வழியாகவே அறிந்தேன். இலண்டனில் வளரும் என் மகளின் மகன் ஐந்து வயதில் என்னோடு தமிழில்தான் கதைப்பான். 'பழம்' என்பதைப் 'பளம்' என்பான். நான் தமிழாசிரியை, ஒவ்வொரு முறையும் நிறுத்தி, நாக்கை மடித்துக் காட்டித் திருத்தினேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் பேச்சில் ழகரத்தை ளகரமாகத்தான் உச்சரிக்கிறார்கள் என்பதை நான் அந்தக் குழந்தை விடயத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. சில மாதங்களில் அவன் திரையின் முன் வந்து கையசைத்துவிட்டு ஓடிப்போகத் தொடங்கினான். கதைத்தால் பிழை வரும், பிழை வந்தால் அம்மம்மா நிறுத்துவா என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான் என்பது எனக்கு விளங்க ஓர் ஆண்டு ஆயிற்று. அந்த மழைக்காலத்தில் எங்கள் பசு கன்று போட்டது. கன்றுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். அவன் வைத்த ஆங்கிலப் பெயரையே வைத்து, ஒவ்வொரு கிழமையும் கன்றைக் காட்டினேன். 'கண்டு பால் குடிச்சிட்டுதோ?', 'ஏன் கட்டி வைச்சிருக்கிறியள்?', 'உது என்ன, அம்மம்மா, உங்களுக்குப் பக்கத்திலை?' என்று கேள்விகள் வரத் தொடங்கின.

அந்த 'உது' என்ற சொல்லைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. எனக்கு அருகில் இருப்பது 'இது', இருவருக்கும் தொலைவில் இருப்பது 'அது', கேட்பவருக்கு அருகில் இருப்பது 'உது'. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று தொல்காப்பியம் சொன்னதில் உகரச் சுட்டு தமிழ்நாட்டு அன்றாடப் பேச்சில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஈழத்துப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. இலண்டனில் ஒரு குழந்தை அதை இடமறிந்து சொல்லியது எந்தப் பாடநூலாலும் வந்ததன்று. உங்கள் பிள்ளைகளுக்கும் ஊர்ப் பேச்சையே கொடுங்கள். 'கதைக்கினம்', 'போகேல்லை', 'வாங்கோ', 'உவர்' என்பவை கொச்சை என்று எண்ணிச் செய்தி வாசிப்பவரைப் போல வீட்டில் கதைக்க வேண்டாம்.

மகளின் கலப்புப் பேச்சைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை. 'நான் கின்டர்கார்டனுக்குப் போகேல்லை' என்று அவள் சொல்லும்போது ஒரு சொல் ஜேர்மன். அதற்கு நான்காம் வேற்றுமை உருபு சேர்த்ததும், வினையை முடிவில் வைத்ததும், எதிர்மறையை ஆக்கியதும் தமிழ். இலக்கணம் தமிழாக இருக்கும் வரை சொற்கள் வந்துபோகும். நாம் நாள் முழுவதும் சொல்லும் கதிரை, மேசை, யன்னல், அலமாரி, சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. கந்தோர் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. அவளைப் பார்த்துச் சிரிக்காமல், 'ஓமோ, இண்டைக்குப் பாலர் பள்ளிக்குப் போகேல்லையோ?' என்று தமிழ்ச் சொல்லை வைத்துத் திருப்பிக் கேட்டால் போதும். அவளுக்கு வேறோர் ஆபத்து இருக்கிறது: அண்ணன். மூத்த பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும் மொழிதான் இளைய பிள்ளையின் மொழியாகும். ஆகவே அவனுக்கு ஒரு பதவி கொடுங்கள். இரவில் தங்கைக்குத் தமிழ்க் கதை சொல்வது அண்ணனின் வேலை. அவன் தமிழ் குறைவாக இருந்தாலும் நான்கு வயதுப் பிள்ளையின் முன் அவன் வல்லவன். அந்த உணர்வு அவனுக்கு இப்போது வேறெங்கும் கிடைப்பதில்லை.

எழுத்தை மகனுக்கு இந்த ஆண்டே தொடங்கலாம். 247 எழுத்து என்று சொல்லி அச்சுறுத்த வேண்டாம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, குறிகள் சேரும் முறை ஆகியவை பிடிபட்டால் மிச்சம் தானாக வரும். ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்பு என்றால் என்ன என்பது ஏற்கெனவே தெரியும். முதலில் அப்பம்மாவின் பெயர், தன் பெயர், கடைக்குப் போகும் சிட்டையில் 'பால், முட்டை, வெங்காயம்', பிறகு அப்பம்மாவுக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி. அவன் எழுதியது 'அப்பம்மா மாடு கண்டு போட்டுட்டுதா' என்று இருந்தால் அப்படியே அனுப்புங்கள். எழுத்து வழக்கு இரண்டு ஆண்டு கழித்து வரட்டும். தமிழ் அமைப்புகள் நடத்தும் வார இறுதிப் பள்ளிக்கு அனுப்புவது நல்லது. அங்கே அவன் பெறும் பெரும் பயன், தன்னைப் போன்ற இருபது பிள்ளைகளைக் காண்பது. கிழமைக்கு இரண்டு மணி நேரம் மொழியைத் தந்துவிடும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பரீட்சைப் புள்ளிக்காக ஞாயிற்றுக்கிழமையையும் அழுகையாக்கவும் வேண்டாம். அந்த நாள் கணவருக்கு உரியது. காலையில் ரொட்டி சுடும்போது பிள்ளைகள் அவரோடு நிற்கட்டும். மாவைக் குழைக்கும் கைகளுக்கு நடுவில் அவர் தன் சிறுவயதைச் சொல்லட்டும்.

இங்கே ஒன்றைத் தயக்கத்தோடு சொல்கிறேன். வன்னியிலிருந்து போன பெற்றோர் பலருக்குத் தமிழ் என்பது சொல்ல முடியாதவற்றின் மொழியாகவும் இருக்கிறது. 2009இன் இறுதிப் போரைக் கடந்து வந்தவர்கள் நாம். நினைவு வந்துவிடும் என்ற அச்சத்தில் பல வீடுகளில் தமிழ், 'சாப்பிடு, படி, படு' என்ற மூன்று ஏவல்களாகச் சுருங்கிப்போயிருப்பதைக் கேட்கிறேன். பிள்ளை தமிழைக் கட்டளையாகவும், தொலைபேசியில் வரும் அழுகையாகவும் மட்டுமே கேட்டால் அதிலிருந்து விலகத்தான் பார்க்கும். குளத்தில் நீந்தியது, தேன் எடுக்கப் போனவரின் பின்னால் ஓடியது, வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரவிரவாக நடந்துபோனது, இவற்றையெல்லாம் முதலில் சொல்லுங்கள். நாங்கள் அங்கே வாழ்ந்தோம் என்பதைப் பிள்ளை அறியட்டும். மற்றதை அவன் ஒருநாள் கேட்பான். பதினைந்து, பதினாறு வயதில் எங்கேயோ படித்துவிட்டு வந்து, 'அம்மா, நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்பான். அதற்கான பதில் உங்களிடம் தமிழில்தான் இருக்கிறது. அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளுமளவு தமிழ் அன்று அவனிடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே நான் இவ்வளவு எழுதுகிறேன்.

அடுத்த கோடை விடுமுறையில் ஊருக்கு வர எண்ணுவதாக எழுதியிருந்தீர்கள். இயன்றால் நான்கு கிழமை நிற்கப் பாருங்கள். முதற்கிழமை முழுவதும் மகன் வாய் திறக்காமல் இருக்கக்கூடும். அது வழமை, அவன் காதால் வேலை செய்துகொண்டிருப்பான். மச்சான்மாரோடு பாலைப்பழத்துக்கும் குளத்தடிக்கும் விடுங்கள். நீங்கள் மொழிபெயர்க்கப் பின்னால் போகாதீர்கள். இங்குள்ள பிள்ளைகளிடம், 'உங்கள் ஆங்கிலத்தை இவனிடம் பழகிப் பார்க்க வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உறவினர் வீட்டில் யாராவது 'தமிழ் தெரியாத பிள்ளை' என்று அவன் முன்னால் சொன்னால், மரியாதை பார்க்காமல் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

மாமியாருக்கு நானே ஒருநாள் போய்ச் சொல்லிவருகிறேன். மார்கழியில் தண்ணிமுறிப்புக் குளம் நிரம்பி, மேலதிக நீர் வழிந்தோடும் வான் பாயத் தொடங்கினால் யாரையாவது கூட்டிக்கொண்டு போய், பேரனுக்குக் காணொளியில் காட்டி 'வான் பாயுது பார்' என்று மட்டும் சொல்லச் சொல்கிறேன். அவனுக்குத் தெரிந்த வான் நான்கு சில்லு உள்ளது. அது ஏன் பாய்கிறது என்று அவன் கேட்கட்டும், அப்பம்மா சொல்லுவா.